சானல் வேறு, சேனல் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் குமரிப் பதிப்பில் அண்மையில் 'சேனல் நிறுத்தம், பொதுமக்கள் அவதி' என்று ஒரு தலைப்பு. கேபிள் டிவி சங்கதி என்று படிக்கப் போனால், உள்ளே இருந்தது தோவாளை சானலில் தண்ணீர் அடைத்த செய்தி. அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில் அதே நீர்வழி 'கால்வாய்' ஆகிவிட்டது. இன்னொரு ஊர்ச் செய்தியில் 'கால்வாய் சேனல்' என்று இரண்டையும் சேர்த்தே போட்டுவிட்டார்கள். ஒரே வாய்க்காலுக்கு ஒரே நாளில் மூன்று பெயர். வயல்காரர், பொறியாளர், வாத்தியார், இரும்புக்கடைக்காரர் என்று பல தொழில் பார்க்கும் வாசகர்கள் சிலர் கூடி இதை எழுதுகிறோம்.

எங்கள் வேண்டுகோள் சின்னது. பாசன நீர் ஓடுவதைச் 'சானல்' என்றே அச்சிடுங்கள். தொலைக்காட்சி, இரும்பு, மின்னணு வகையறா எல்லாம் 'சேனல்' ஆகவே இருக்கட்டும். இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்தான் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் குமரி மாவட்டத்தார் நாக்கில் அது எப்போதோ இரண்டு சொல்லாகப் பிரிந்துவிட்டது. 'சானல்கரை' என்று தெருவுக்கே பெயர் இருக்கிறது. 'சேனல்கரை' என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா?

திருநெல்வேலிப் பக்கத்திலும் ஆங்கில ஆவணத்தில் இதே சொல்தான். தாமிரபரணி அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் கன்னடியன், கோடகன், நதியுண்ணி எல்லாம் அரசுப் பதிவேட்டில் சானல்களே. ஆனால் அந்த ஊர்க்காரர் 'கன்னடியன் கால்வாய்' என்பார். ஆரல்வாய்மொழி தாண்டி மேற்கே வந்தால் தோவாளை சானல், அனந்தனாறு சானல், என்.பி. (நாஞ்சில்நாட்டுப் புத்தனாறு) சானல். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர் வழிவந்த நிர்வாகம். அங்கத்திய மராமத்து ஆவணங்களில் இருந்த சொல் அப்படியே ஊர் வாயில் ஏறிவிட்டது என்றே நினைக்கிறோம். இதில் ஒரு வேடிக்கை: அனந்தனாறு, புத்தனாறு இரண்டும் பெயரில் ஆறு, ஆனால் மனிதர் வெட்டியவை. புத்தன் என்றால் புதிய என்று பொருள், புத்தருக்கும் அதற்கும் தொடர்பில்லை. பாண்டியன்கால், பட்டணங்கால் என்ற பெயர்களில் வரும் 'கால்' சுத்தத் தமிழ். வாய்க்காலில் இருக்கிற அதே கால். ஆறு, கால், சானல் என மூன்று அடுக்குச் சொல்லும் ஒரே பாசன அமைப்புக்குள் அருகருகே கிடக்கின்றன.

களியக்காவிளையைத் தாண்டினால் சங்கதி தலைகீழ். மலையாளத்தில் சானல் என்றால் டிவி. பாசன நீர்வழி அங்கே 'கனால்'. ஆக பாறசாலைக்காரர் 'சானலில் வந்நு' என்றால் செய்தியில் வந்தது என்று அர்த்தம். குழித்துறைக்காரர் 'சானல்ல வந்துட்டு' என்றால் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். நெய்யாறு அணையிலிருந்து விளவங்கோடு பக்கம் வரும் இடதுகரை நீர்வழிக்கு இதனால் மூன்று பெயர்: கேரளப் பத்திரிகையில் கனால், தமிழக அரசு அறிக்கையில் கால்வாய், கரையில் இருப்பவர் வாயில் சானல். 2004-இல் கேரளம் நிறுத்தியதிலிருந்து தண்ணீர்தான் இல்லை, பெயருக்குப் பஞ்சமில்லை.

'கால்வாய்' நல்ல தமிழ்தானே, அதைப் போட்டால் என்ன குறை என்று உங்கள் உதவி ஆசிரியர் கேட்கலாம். குறை இதுதான். 'கழிவுநீர்க் கால்வாய்', 'மழைநீர்க் கால்வாய்' என்று சாக்கடைக்கும் நீங்கள் அதே சொல்லைப் போடுகிறீர்கள். 'கால்வாய் அடைப்பு' என்ற தலைப்பைப் பார்க்கிறவர் யாரிடம் போய் மனுக்கொடுப்பது? சானல் என்றால் நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகம். சாக்கடை என்றால் பேரூராட்சி அல்லது மாநகராட்சி. மனு தவறான மேசைக்குப் போனால் அங்கிருந்து 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்ற பதில் வருவதற்குள் கன்னிப்பூ என்ற முதல் போக நெல் நாற்று கருகிவிடும். இன்னொன்று, சானலைச் சாக்கடைப் பெயரில் கூப்பிடக் கூப்பிட அதில் குப்பை கொட்டுகிறவருக்கும் கூச்சம் போய்விடுகிறது.

'ஏ.வி.எம். கால்வாய்' என்று எழுதுவதில் எங்களுக்கு மறுப்பில்லை. அது பாசனத்துக்காக வெட்டியதன்று, படகுப் போக்குவரத்துக்காக 1860-இல் தொடங்கிய வேலை. அனந்தபத்மநாபன், விக்டோரியா, மார்த்தாண்டவர்மா என்ற மூன்று பெயரின் முதலெழுத்து அது. சென்னையிலிருந்து வரும் செய்தியாளர் சிலர் சினிமா கம்பெனி வெட்டியது என்று நினைத்துக்கொள்வதால் இதை இங்கே சொல்லிவைக்கிறோம்.

சானல் செய்தி எழுதும்போது சேர்க்க வேண்டிய இரண்டு விவரம் உண்டு. 'சானலில் 100 கன அடி திறப்பு' என்று அடிக்கடி வருகிறது. வினாடிக்கு 100 கன அடி என்று எழுத வேண்டும். வெறும் 100 கன அடி என்றால் 2,832 லிட்டர். ஒரு வீட்டு மாடித் தொட்டி அளவு. வினாடிக்கு 1 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி, அதாவது ஏறக்குறைய 24 லட்சத்து 47 ஆயிரம் லிட்டர். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி என்பதால், அந்த நீர் ஓர் ஏக்கரில் கிட்டத்தட்ட 2 அடி உயரம் நிற்கும். வழியில் கசிவதும் கரை குடிப்பதும் போக எவ்வளவு கடைவரம்பு போய்ச் சேரும் என்று விவசாயி இந்தக் கணக்கை வைத்துத்தான் மனசுக்குள் போடுவார். 'வினாடிக்கு' என்ற ஒரு சொல் விட்டுப்போனால் அவருக்கு அந்தச் செய்தியால் பயனில்லை.

அடுத்தது ஷட்டர். இங்கே சொல் குழப்பம் உச்சத்துக்குப் போகும். 'சானல் ஷட்டர்' என்றால் மதகில் இருக்கிற இரும்புப் பலகை. 'ஷட்டர் சேனல்' என்றால் கடைக் கதவு ஏறி இறங்கும் பள்ளம். சொல்லின் வரிசை மாறினால் போகவேண்டிய ஆளும் மாறுகிறார். முன்னதற்கு மதகைத் திறந்து அடைக்கும் லஸ்கர், பின்னதற்கு வெல்டிங் பட்டறை.

மதகு ஷட்டரில் ஒரு பலகை, அதன் மேல் மரையிட்ட தண்டு, தண்டைத் திருக ஒரு சாவி. தண்டில் கிரீஸ் காய்ந்து மரை துருப்பிடித்தால் திருகல் ஏறாது. இரண்டு ஆள் சேர்ந்து பலமாகத் திருகினால் தண்டு வளையும், பிறகு அதைக் கழற்றித்தான் நிமிர்த்த வேண்டும். இதைவிட அடிக்கடி நடப்பது வேறு. அடைக்கும்போது பலகைக்கு அடியில் ஒரு தேங்காய் மட்டையோ பழைய துணியோ சிக்கிக்கொள்ளும். மேலே பார்த்தால் அடைத்தது போலிருக்கும், அடியில் இரவெல்லாம் நீர் கசியும். அப்போது மேலும் அழுத்தித் திருகுவது தப்பு. பலகையை ஒரு சாண் தூக்கி, நீரின் வேகத்தில் குப்பை அடித்துக்கொண்டு போனபின் மறுபடி இறக்க வேண்டும். 'ஷட்டர் பழுது' என்று நீங்கள் போடும் செய்திகளில் சில இந்த மட்டைச் சங்கதிதான்.

கடை ஷட்டரின் சேனலில் கதை எண்ணெயால் கெடுகிறது. சத்தம் போடுகிறதே என்று தேங்காயெண்ணெய் ஊற்றுவார்கள். சாலைத் தூசி அதில் படிந்து களியாக இறுகும், கதவு பாதியில் நின்றுவிடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, மெல்லிசாக மெழுகு தேய்த்தால் போதும். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று என்பதால் சேனலின் அடி ஒரு சாண் உயரம்தான் முதலில் அரிக்கும். பெயின்ட் அடிக்கிறவர் அந்த உட்புறத்தைத் தவிர்த்துவிட்டு வெளியே மட்டும் பளபளப்பாக்கிப் போவார்.

இரும்புக்கடைச் சேனலும் அதே சொல்தான். 'ப' வடிவில் வருவதால் அந்தப் பெயர். 'நாலிஞ்ச் சேனல்' என்று கேட்பது ஐ.எஸ்.எம்.சி. 100 வகை: நடுப்பலகை 100 மி.மீ., இரு உதடும் 50 மி.மீ. வீதம், மீட்டருக்கு 9.56 கிலோ. 6 மீட்டர் நீளம் ஏறக்குறைய 57 கிலோ நிறுக்க வேண்டும். ஒன்றிரண்டு கிலோ கூடக் குறைய இருக்கலாம், ஆனால் 50-க்குக் கீழே போனால் அது அந்தச் சேனலே அல்ல. நிறுத்தி வைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. நடுப்பலகை செங்குத்தாக நிற்கும்படி வைத்தால் எவ்வளவு தாங்குமோ, மல்லாத்திப் போட்டால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் தாங்கும். வீட்டுப் பகுதியில் நீங்கள் வெளியிட்ட 'சன்ஷேடு அமைக்க யோசனைகள்' கட்டுரையில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.

தச்சர் சொல்லும் சேனல் மேசை இழுப்பறையை இழுக்கும் தண்டவாளம். இரண்டு பக்கமும் அரை அங்குலம், அதாவது 12.5 முதல் 13 மி.மீ. இடைவெளி விட வேண்டும். ஆகவே இழுப்பறையின் வெளி அகலம், அது நுழையும் இடத்தின் உள் அகலத்தைவிட 26 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். இதைவிடக் குறுகினால் இறுகும். அகன்றால் உள்ளே இருக்கிற குண்டுகள் உதிரும். மரத்துக்கு மழைக்காலத்தில் ஊதும் குணம் உண்டு. இங்கே ஜூனில் தென்மேற்கும் அக்டோபரில் வடகிழக்கும் ஆக இரண்டு மழை. பிளைவுட்டுக்குச் சரியாக வரும் கணக்கைப் பலா மரத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

டிவி, யூடியூப், வாட்ஸ்அப் சேனல்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: மாடியில் மீன்முள் ஆன்டெனா நின்ற காலத்தில் சேனல் என்பது நிறுவனத்தின் பெயராக இருக்கவில்லை. 7 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசைத் துண்டுக்குத்தான் அந்தப் பெயர். வீட்டு வைஃபை பெட்டியில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பிடிக்கும் இடமோ 20-க்கு மேல். அதனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 மூன்றுதான். பக்கத்து வீடு 6-இல் இருக்கும்போது நீங்கள் 4-க்குப் போவது சண்டையைத் தீர்க்காது, 1-க்கோ 11-க்கோ போகவேண்டும். 'அலைவரிசை' என்ற தமிழ்ச்சொல் இங்கே அப்படியே பொருந்தும். டிவி நிறுவனத்துக்கு அது பொருந்துவதில்லை, அங்கே 'தொலைக்காட்சி' என்றாலே போதும்.

அரசு ஊழியர் விண்ணப்பத்தில் 'த்ரூ ப்ராப்பர் சேனல்' என்று வரும் சேனலுக்குத் தமிழில் ஒழுங்கான சொல் இருக்கிறது: 'உரிய வழியாக'. மேலதிகாரியின் கையெழுத்தோடு போகவேண்டும் என்பதே அதன் பொருள். இதைக் கணினியை நம்பி மொழிபெயர்த்தால் 'சரியான கால்வாய் மூலம் விண்ணப்பிக்கவும்' என்று வந்து நிற்கும். வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பார்ப்பவர் கவனிக்க.

மருத்துவப் பக்கம் இன்னும் கவலை தருகிறது. இரத்த அழுத்தத்துக்குப் பலரும் சாப்பிடும் ஆம்லோடிபின் மாத்திரை 'கால்சியம் சேனல் தடுப்பான்' வகை. அதைச் சுருக்கி 'கால்சியம் தடுப்பான்' என்று அச்சிட்டால் என்ன ஆகும்? எலும்புக்குப் போகும் கால்சியத்தை மாத்திரை தடுக்கிறது என்று எண்ணி முதியவர்கள் பாலைக் கூட்டுவார்கள், அல்லது மாத்திரையை நிறுத்துவார்கள். இரண்டுமே வேண்டாத வேலை. இங்கே சேனல் என்பது இரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள தசைச் செல்லின் சவ்வில் இருக்கும் நுண்ணிய நுழைவாசல். அதன் வழியே கால்சியம் உள்ளே போனால் தசை இறுகும், குழாய் சுருங்கும். வாசலைச் சாத்தினால் தசை தளரும், அழுத்தம் குறையும். எலும்புக்கும் பாலுக்கும் இதில் பங்கில்லை. கணுக்கால் வீங்குவது இந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவு. வீங்கினால் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 'கால்சியம் நுழைவழித் தடுப்பான்' என்று எழுதிப் பாருங்கள், நீளம்தான், ஆனால் யாரும் ஏமாறமாட்டார்.

பூகோளத்தில் நம் பாடநூல்களே குழப்பிவிட்டன. சூயஸ், பனாமா இரண்டும் மனிதர் வெட்டியவை, 1869-இலும் 1914-இலும் திறந்தவை. கால்வாய் என்பது சரி. ஆனால் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கிடப்பது இயற்கையான கடல், மிகக் குறுகிய இடத்திலேயே 30 கிலோமீட்டருக்கு மேல். அதுவும் 'ஆங்கிலக் கால்வாய்' ஆகிவிட்டது. அந்தமானையும் நிக்கோபாரையும் பிரிக்கும், 150 கிலோமீட்டர் அகலமுள்ள கடலும் '10 டிகிரி கால்வாய்'. மாணவன் அதை மண்வெட்டியால் வெட்டினார்கள் என்று நினைத்தால் அவன்மேல் தப்பில்லை. ஆங்கிலத்தில் வெட்டியதற்குக் கனால், இயற்கையானதற்குச் சானல் என்று ஓரளவு பிரிவு உண்டு. இரண்டுமே லத்தீனில் நாணலைக் குறித்த 'கன்னா' என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. உள்ளே துளையுள்ள தண்டு, பிறகு குழாய், பிறகு நீர்வழி. பீரங்கியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் பிரம்பைக் குறிக்கும் சொல்லும் அதே வேர்தான். 'ஆங்கிலக் கால்வாய்' ஊறிப்போன பெயர், அதை மாற்றச் சொல்லவில்லை. புதிதாக எழுதும்போது 'கடலிடைவழி' என்று போடலாமே.

மொழிபெயர்க்கவே கூடாத சேனல் ஒன்று உண்டு. அது கடலோரத்தாருக்காக. தூத்தூர், குளச்சல் படகுகளில் பேச்சுக்கு வைத்திருக்கும் வி.எச்.எப். வானொலிக் கருவியில் சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ். ஆபத்து அழைப்புக்கும் முதல் அழைப்புக்கும் மட்டுமே அது. அடுத்த படகைக் கூப்பிட்டதும் வேறொரு சேனல் எண்ணைச் சொல்லி இருவரும் அங்கே மாறிவிட வேண்டும். 16-இலேயே மீன் விலை பேசிக்கொண்டிருந்தால், மூழ்கும் படகின் குரல் அதில் நுழையாது. பேசும் பொத்தான் வலைக்கயிற்றுக்கு அடியில் அமுங்கிக் கிடந்தாலும் அதே கதி. சுற்றுவட்டாரத்தில் எவருடைய கருவியும் வேலை செய்யாதது போலத் தோன்றும். மைக்கை அதன் கொக்கியில் மாட்டி வைப்பது அதற்காகத்தான். 25 வாட் கருவியானாலும் அலை நேர்கோட்டில் போவதால் ஆழ்கடலிலிருந்து கரைக்கு எட்டாது. லட்சத்தீவுக் கடல்வரை போகிறவர்களுக்குச் செயற்கைக்கோள் கருவி தனியாக வேண்டும் என்பதை 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் காட்டியது. மீனவர் பக்கத்தில் 'அலைவரிசை 16' என்றோ 'வாய்க்கால் 16' என்றோ திருத்திவிடாதீர்கள். கருவியின் முகப்பில் என்ன இருக்கிறதோ, படகில் என்ன சொல்கிறார்களோ, அதுவே அச்சிலும் இருக்கட்டும்.

கடைசியாக, நீங்கள் தினமும் போடும் அணை நீர்மட்டப் பெட்டி. பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு ஒன்றும் இரண்டும் 18 அடி என்ற மொத்த உயரத்தோடு அன்றைய மட்டத்தைப் போடுகிறீர்கள், நல்லது. அதன் கீழே இன்னும் நான்கு வரிக்கு இடம் இருக்கிறது. தோவாளை சானல், அனந்தனாறு சானல், புத்தனாறு சானல், பட்டணங்கால் என்று பெயர்போட்டு, எதில் வினாடிக்கு எத்தனை கன அடி விடுகிறார்கள், எது அடைப்பு, எந்த நாள் வரை என்று சேர்த்துவிட்டால் இரண்டாம் போகமான கும்பப்பூ நடவுக்கு நாள் குறிக்கிறவர் காலையில் அதைப் பார்த்துவிட்டு வயலுக்குப் போவார். மாத்தூரில் 28 தூண்மேல் 115 அடி உயரத்தில் போகும் நீரும் பட்டணங்கால் நீர்தான். அந்தத் தொட்டிப்பாலத்தின் படத்தை மட்டும் ஞாயிறு மலரில் போடுகிறீர்கள், அதில் அன்றைக்குத் தண்ணீர் ஓடுகிறதா என்பதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
குழித்துறை – மார்த்தாண்டம்.